காஸ்ட்ரா: பாசறை ஊரான வரலாறு

இங்கிலாந்தின் மான்செஸ்டர், எகிப்தின் லக்சோர், கியூபாவின் பிடல் காஸ்ட்ரோ ஆகிய மூன்று பெயர்களிலும் ஒரே இலத்தீன் சொல் குடியிருக்கிறது. ரோமானியப் படைவீரர் தம் பாசறைக்கு வழங்கிய 'காஸ்ட்ரா' என்பதே அது. கோவையைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்னும்போது நாமும் அந்தச் சொல்லின் ஒரு துண்டை உச்சரிக்கிறோம்.

'காஸ்ட்ரம்' என்ற ஒருமை அரண் சூழ்ந்த இடத்தைக் குறித்தது. பன்மையான 'காஸ்ட்ரா' பாசறையைக் குறித்தது. முதலில் அது நிலையான இடமன்று. பகைநாட்டில் நடந்து செல்லும் படை, பொழுது சாயுமுன் அகழி தோண்டும்; தோண்டிய மண்ணைக் கரையாகக் குவித்து, அதன்மேல் கூர்முளைகளை நடும். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் பெருந்தெருக்கள், நான்கு வாயில்கள், நடுவே படைத்தலைவன் இருக்கை. கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். எங்கே போட்டாலும் அமைப்பு மாறாது என்பதால் ஒவ்வொரு வீரனும் தன் கூடாரம் வரும் இடத்தை முன்கூட்டியே அறிவான். படை புறப்பட்டால் பாசறையும் கலையும்.

அதைக் கலையாமல் நிற்க வைத்தவை ஆறுகள். கி.பி. 9இல் ஜெர்மானியக் காடுகளில் ரோமானியத் தளபதி வாரஸ் தலைமையிலான 'லெஜியன்' என்னும் பெரும்படைகள் மூன்று அழிந்தன. சில ஆண்டுகளில், எல்பே ஆறுவரை எல்லையைத் தள்ளும் எண்ணத்தை ரோம் கைவிட்டது. ரைனும் டான்யூபும் நெடுங்கால எல்லைகளாயின. ஆறு பகைவரைத் தடுத்தது. அதே ஆறு தானியமும் கல்லும் மரமும் ஏற்றிய படகுகளைக் கோட்டை வாயில்வரை கொண்டுவந்தது. ஆண்டுக்கணக்கில் தங்கிய படைக்கு மண்கரை மதிலாயிற்று. தோல் கூடாரம் கட்டடமாயிற்று.

ஜெர்மனியின் ரெகன்ஸ்பர்க் இதற்குத் தெளிவான சான்று. ரெகன் ஆறு டான்யூபில் கலக்கும் இடத்துக்கு எதிர்க்கரையில், கி.பி. 179இல், பேரரசர் மார்கஸ் ஔரேலியஸ் காலத்தில், மூன்றாம் இத்தாலிக்கா லெஜியனுக்காக எழுந்தது 'காஸ்ட்ரா ரெகினா'. வாயில்களோடும் கோபுரங்களோடும் மதில் கட்டியதைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. வடக்கு வாயிலின் ஒரு பகுதியும் நகரத்துக்குள் நிற்கிறது. பின்வந்த மக்கள் ஆற்றின் பெயரை வைத்துக்கொண்டு, 'காஸ்ட்ரா' இருந்த இடத்தில் கோட்டையைக் குறிக்கும் தங்கள் 'பர்க்' என்ற சொல்லைப் பொருத்தினார்கள்.

படைக்குச் சம்பளம் வந்தது. சம்பளத்தைத் தேடி வணிகரும் கொல்லரும் மதுக்கடைக்காரரும் வந்தார்கள். மதிலுக்கு வெளியே அவர்கள் போட்ட குடியிருப்புக்குக் 'கனாபே' என்று பெயர். குடிசைகள் என்பது பொருள். பணியிலிருக்கும் வீரர் மணம் செய்யச் சட்டம் இடந்தராத காலத்திலும் அவர்களுடைய துணைவியரும் பிள்ளைகளும் அங்கே வாழ்ந்தார்கள். ஊரின் விதை விழுந்தது அங்கேதான்.

பிரிட்டனில் ரோமானியர் ஆட்சி முடிந்தபின் குடியேறிய ஆங்கிலோ-சாக்சன்கள், மதில் சூழ்ந்த பழைய ரோமானிய இடங்களைச் 'செயஸ்டர்' என்றார்கள். டீ ஆற்றங்கரை லெஜியன் கோட்டையான 'டேவா' செஸ்டர் ஆயிற்று. லூன் ஆற்றங்கரை லங்காஸ்டர் ஆயிற்று. டான் ஆற்றங்கரை டான்காஸ்டர் ஆயிற்று. இங்கே ஒரு கவனம் வேண்டும். வேல்ஸ் மொழியில் கோட்டையைக் குறிக்கும் 'கைர்' என்பதும் 'காஸ்ட்ரா'வின் வழிவந்தது போலவே ஒலிக்கும். ஆனால் அது அம்மொழிக்கே உரிய வேரில் பிறந்தது என்பதே அறிஞர் பலரின் முடிவு. ஒலி ஒத்தால் உறவு என்று முடிவுகட்டுவது சொல்லாராய்ச்சிக்கு ஆகாது.

கிழக்கே சொல் வேறு வழி சென்றது. இலத்தீன் 'காஸ்ட்ரம்' கிரேக்கத்தில் 'காஸ்ட்ரோன்' ஆகி, அரமேயத்தின் வழியே அரபியில் 'கஸ்ர்' ஆயிற்று. பொருளும் அரண்மனையாக உயர்ந்தது. அதன் பன்மையான 'அல்-உக்சுர்' தான் லக்சோர். நைல் கரையின் பழைய கோயிலைச் சுற்றி கி.பி. 300ஐ ஒட்டி ரோமானியர் பாசறை அமைத்திருந்தார்கள். அரபியரோடு ஸ்பெயினுக்குப் போன 'அல்-கஸ்ர்' அங்கே 'அல்காசர்' ஆயிற்று. அந்நாட்டின் கலீசியாவில் இலத்தீனிலிருந்து நேரே வந்த 'காஸ்ட்ரோ' பழங்கால அரண்சூழ் குன்றூர்களுக்குப் பெயர். பிடலின் தந்தை கலீசியாவிலிருந்து கியூபாவுக்குக் குடிபெயர்ந்தவர்.

படை போனபின்னும் மக்கள் அங்கேயே வாழ்ந்ததால்தான், அல்லது திரும்பி வந்து குடியேறியதால்தான், பாசறையின் பெயர் பிழைத்தது. தமிழிலும் இதற்கு இணை உண்டு. 'பாளையம்' என்றால் படை தங்குமிடம். இன்று மேட்டுப்பாளையமும் உத்தமபாளையமும் ஊர்கள். ஒவ்வொரு பாளையத்திலும் படை தங்கியதா, பாளையக்காரர் ஆட்சி இருந்ததா, பிற்காலத்தில் வழக்கத்தால் மட்டும் பெயர் ஒட்டியதா என்பதைக் கல்வெட்டும் ஆவணமும் கொண்டு ஊர் ஊராக ஆராய வேண்டும். 'செஸ்டர்' ஊர்களுக்கு ஆங்கிலேய அறிஞர்கள் அந்த உழைப்பைத் தந்தார்கள். நம் பாளையங்களுக்கும் அது உரியது.