அலைவெண்ணுக்கு விலை வைத்த காலம்

ஒரு மின்கட்டமைப்பில் உற்பத்தியும் நுகர்வும் நொடிக்கு நொடி ஒத்திருக்க வேண்டும். நுகர்வு மிகுந்தால் மின்னாக்கிகளின் சுழற்சி தளர்ந்து, அலைவெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கும். நுகர்வு குறைந்தால் ஏறும். இணைந்திருக்கும் ஊர்கள் அனைத்துக்கும் அந்த எண் ஒன்றே.

1990களில் இந்தியாவின் வட்டாரக் கட்டமைப்புகளில் இந்த எண் கட்டுக்கடங்காமல் அலைந்தது. பற்றாக்குறை மிகுந்த தெற்கில் அது 48 ஹெர்ட்ஸை ஒட்டிக் கிடந்தது. உபரி மிகுந்த கிழக்கில் இரவு நேரங்களில் 51 வரை ஏறியது. காரணம் பொறியியலைவிடக் கணக்கியலில்தான் இருந்தது. ஒதுக்கீட்டுக்கு மேல் மின்சாரம் எடுத்த மாநிலம், மிகையாக எடுத்த யூனிட்டுக்கும் வழக்கமான விலையையே கொடுத்தது. பயன் அதற்கு, அலைவெண் வீழ்ச்சியோ எல்லோருக்கும். கூடுதல் உற்பத்திக்கு ஊக்கத்தொகை பெற்ற அனல்மின் நிலையங்களும் இரவில் உற்பத்தியைக் குறைக்க முன்வரவில்லை.

இதற்குத் தீர்வாக அமைந்த கட்டண முறையை வடிவமைத்ததில் பொறியாளர் பானு பூஷணின் பங்கு முதன்மையானது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2000 ஜனவரியில் அதற்கு ஆணையிட்டது. 2002 ஜூலையில் மேற்கில் தொடங்கி, 2003 ஜனவரியில் தெற்கிலும் அது நடைமுறைக்கு வந்தது. அட்டவணையிலிருந்து விலகிய ஒவ்வொரு யூனிட்டுக்கும், அந்தப் 15 நிமிடத்தில் நிலவிய அலைவெண்ணே விலையை முடிவு செய்தது. 50.5 ஹெர்ட்ஸில் விலை சுழியம். 49-க்கு இறங்கினால் 4 ரூபாய் 20 காசு. பற்றாக்குறை நேரத்தில் மிகையாக எடுத்தவர் அபராதம்போல் அதைச் செலுத்தினார். அப்போது கூடுதலாக உற்பத்தி செய்தவர் அதையே வருவாயாகப் பெற்றார். பல ஆண்டு அறிவுரைகளால் ஆகாத ஒழுங்கு சில மாதங்களிலேயே கைகூடியது.

ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை இருந்தது. அலைவெண் கட்டமைப்பின் மொத்த நிலையைக் காட்டுமே தவிர, எந்தப் பாதையில் சுமை நெரிகிறது என்பதைக் காட்டாது. 2012 ஜூலை 30 அன்று அதிகாலையில், அலைவெண் 50-க்குச் சற்றே கீழிருந்தபோது, மிகைச்சுமை தாங்காமல் பினா–குவாலியர் மின்தடம் துண்டிக்கப்பட்டது. வடக்குக் கட்டமைப்பு சரிந்தது. மறுநாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து சரிந்தன.

2014 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் விலையை மட்டும் நம்பவில்லை. எவ்வளவு விலகலாம் என்ற அளவுக்கும் வரம்பிட்டன. பொதுச் சொத்தைக் காக்க விலை உதவும். ஆனால் விலை கொடுத்துவிட்டால் எதையும் எடுக்கலாம் என்றாகிவிடக் கூடாது என்பதே அந்த இரு நாள் இருள் புகட்டிய பாடம்.