ஓசூர் தொடாத பித்தளை

1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தபோது, எஃகுக் குழாய்களைப் பித்தளையால் பற்றவைக்கும் பிரேசிங், இருசக்கர வண்டிகளின் பெருவாரி உற்பத்தியிலிருந்து ஒதுங்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பித்தளை வலுவில்லாதது, அதனால்தான் வெல்டிங் வந்தது என்று சொல்வதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. எந்தக் குழாய், எத்தனை வண்டி என்ற இரண்டு கேள்விகள்தான் பற்றவைக்கும் உலோகத்தை முடிவுசெய்தன. இதற்குச் சாட்சி நார்ட்டன். 2020 ஏப்ரலில் டிவிஎஸ் மோட்டார் வாங்கிய அதே ஆங்கில மோட்டார் சைக்கிள் நிறுவனம். பழைய ஆங்கில வண்டிகளில் லக்கு என்ற வார்ப்பு மூட்டு உறைக்குள் குழாயைச் செருகி, வெண்காரம் இட்டுச் சூடேற்றினால், உருகிய பித்தளை இடுக்குக்குள் தானே ஏறிப் பரவும். பெல்ஃபாஸ்டின் ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் வடிவமைத்து 1950இல் பந்தயத்துக்கு வந்த நார்ட்டனின் ஃபெதர்பெட் ஃபிரேமில் லக்கு கிடையாது. பந்தய வண்டிக்கு எடுத்தது ரெய்னால்ட்ஸ் 531 குழாய். மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த அந்த மெல்லிய குழாயை வெல்டிங்கில் எஃகு உருகும் 1500 பாகை வரை கொண்டுபோனால் மூட்டின் ஓரம் வலு இழக்கும். ஆகவே 900 பாகையை ஒட்டி உருகும் சிஃப்பிரான்ஸ் என்ற பித்தளைக் கம்பியைக் கேஸ் சுடரில் உருக்கி, மூட்டைச் சுற்றிக் கரைகட்டினார்கள். அதே ஃபிரேம் சாலை வண்டிக்கு இறங்கியபோது விலை முன்னே நின்றது. வெல்டிங்கைத் தாங்கும் சாதா எஃகுக் குழாய் வந்தது.

மென்மையான பித்தளை எப்படி எஃகைத் தாங்கும் என்று கேட்கலாம். இரு எஃகுப் பரப்புகளுக்கு நடுவே மெல்லிய படலமாக அடைபட்ட பித்தளை, தனிக் கம்பியாக இருக்கும்போதைவிட அதிக இழுவிசை தாங்கும். எஃகு அதை நெளிய விடுவதில்லை. வெளியே கட்டிய கரையோ பாரத்தை அகலப் பரப்புகிறது. பித்தளையின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. சுடர் அளவு மீறினால், உருகிய பித்தளை எஃகின் மணிகளுக்கு இடையே புகுந்து விரிசல் விடும். அது பழகிய கைக்குத்தான் கட்டுப்படும். பிற்பாடு அந்த மூட்டு உடைந்தால், பித்தளை ஊறிய இடத்தில் ஆர்க் வெல்டிங்கும் சரியாகப் பிடிக்காது.

அப்படியானால் ஓசூரின் சிப்காட் தொழிற்பேட்டை ஒரு நல்ல கைத்தொழிலைப் புறக்கணித்ததா? எழுபதுகளில் உருவான பேட்டை அது; புறக்கணிக்க அங்கே பழைய பழக்கம் ஏதும் இருக்கவில்லை. வெல்டிங்கைத் தாங்கும் சாதா குழாய்க்குப் பித்தளை தரும் அனுகூலம் குறைவு, நேரச் செலவோ கூடுதல். ஓசூரில் தயாராகி 2017இல் வந்த அபாச்சி ஆர்ஆர் 310இன் டிரெல்லிஸ் ஃபிரேமில் மூட்டுகளுக்குப் பஞ்சமில்லை. கைப்பட்டறைக்காரர் பார்த்தால் சுடரை எடுக்கத் தோன்றும். ஆனால் வரிசையில் நகரும் வேலைக்கு அந்த நிதானம் கட்டாது. ஓசூரில் ஏத்தர் தயாரிக்கும் 450 ஸ்கூட்டரின் சேசிஸில் அலுமினியம் வந்துவிட்டது. அது 660 பாகையிலேயே உருகிவிடும். அங்கே பித்தளைக் கம்பிக்கு வேலையே இல்லை.