இரத்தச் சர்க்கரைச் சுயகண்காணிப்பு

இரத்தச் சர்க்கரைச் சுயகண்காணிப்பு என்பது, நீரிழிவு நோயாளர் தமது இரத்தத்திலுள்ள குளுக்கோஸின் அளவைக் குளுக்கோமீட்டர் என்னும் சிறு கருவியால் வீட்டிலேயே அளந்து, அதற்கேற்ப உணவு, உடற்பயிற்சி, மருந்து ஆகியவற்றைச் சீர்செய்துகொள்ளும் முறையாகும்.

வரலாறு

1965 இல் ஏம்ஸ் நிறுவனம், இரத்தத்துளி பட்டால் நிறம் மாறும் டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் என்னும் பட்டையை அறிமுகப்படுத்தியது. பின்னர் அந்நிறத்தை ஒளியின் தெறிப்பைக் கொண்டு அளக்கும் கருவியையும் உருவாக்கியது. இக்கருவி மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்கப்பட்டது.

12 வயது முதல் முதலாம் வகை நீரிழிவு நோய் கொண்டிருந்த அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன், மருத்துவரான தம் மனைவியின் மூலம் 1969 இல் இக்கருவியைப் பெற்றார். நாள்தோறும் பலமுறை அளந்து, எவ்வுணவு சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது, இன்சுலின் எவ்வளவு குறைக்கிறது என்று கண்டறிந்து தமது நோயைக் கட்டுப்படுத்தினார். இதுபற்றிய அவரது கட்டுரையை மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. எனவே 45 ஆம் வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானார். 2025 இல் தமது 90 ஆம் வயதில் காலமானார்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் முதலாம் வகை நோயாளர் 1,441 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவுகள் 1993 இல் வெளியாயின. நாளொன்றுக்கு நான்கு முறையேனும் அளந்து இன்சுலின் அளவை மாற்றிக்கொண்டோருக்கு, விழித்திரை நோய் புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 76% குறைந்தது. எனினும் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடும் நிகழ்வுகள் அவர்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்காயின.

செயற்படும் முறை

விரல் நுனியில் ஊசியால் குத்திப் பெறும் இரத்தத்துளி பரிசோதனைப் பட்டையில் இடப்படுகிறது. பட்டையிலுள்ள நொதி குளுக்கோஸுடன் வினைபுரியும்போது உண்டாகும் சிறு மின்னோட்டத்தைக் கருவி அளந்து, சில நொடிகளில் எண்ணாகக் காட்டுகிறது.

கவனிக்க வேண்டியவை

- பழம் தொட்ட கையைக் கழுவாமல் சோதித்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும்.
- ஈரம், வெப்பம் ஆகியவற்றால் பட்டைகள் கெடும். காலாவதியானவற்றைப் பயன்படுத்தலாகாது.
- 70 மி.கி/டெ.லி.க்குக் கீழான அளவு தாழ்சர்க்கரையாகும். இதற்கு உடனே சர்க்கரை உட்கொள்ள வேண்டும்.
- வீட்டுக் கருவிகளின் அளவு ஆய்வக அளவிலிருந்து ஏறத்தாழ 15% வரை வேறுபடலாம்.

வரம்புகள்

அளத்தல் மட்டும் நோயைக் குறைக்காது. இன்சுலின் பயன்படுத்தாத இரண்டாம் வகை நோயாளருக்கு, அளவைக் கண்டு உணவையோ மருந்தையோ மாற்றாவிடில், இதன் பயன் மிகச் சிறிதே. உணவுக்கு முன்னும் இரண்டு மணிநேரம் பின்னும் அளந்து குறித்துவைத்தால், அவ்வுணவின் விளைவை அறிந்து மருத்துவருடன் கலந்து முடிவு செய்யலாம்.

இவற்றையும் பார்க்கவும்

- நீரிழிவு நோய்
- இன்சுலின்