கித்தான் கூரைக்குள் ஒரு கடலோடி

பாய்மரப் படகுகளின் வரலாற்றை எழுதுவோர் பாயைப் பற்றிப் பேசுவர். சுக்கானைப் பற்றியும் நங்கூரத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுவர். படகோட்டி அமரும் பின்தளக் குழிக்கு முன்னே, அறை வாயிலுக்கு மேலே வளைத்துக் கட்டப்படும் சிறிய கித்தான் கூரைக்கு அவ்வரலாறுகளில் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கும். அமெரிக்கர் அதை டாட்ஜர் என்கின்றனர். அடியிலிருந்து நழுவித் தப்புவது என்ற பொருள்கொண்ட வினையிலிருந்து பிறந்த சொல். ஆங்கிலேயர் ஸ்ப்ரே ஹுட் என்பர்; பழைய தலைமுறையினருக்கு அது பிராம் ஹுட். பிராம் என்றால் குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி. ஒரே பொருளுக்கு ஒரு கரையில் சாமர்த்தியத்தின் பெயர், மறுகரையில் மழலையின் பெயர். இப்பொருளின் வரலாறு முழுதும் இவ்விரு பெயர்களுக்கு இடையில்தான் நடந்திருக்கிறது என்று எமக்குத் தோன்றுவதுண்டு.

நம் வாசகர்க்கு இதை விளக்கப் படம் தேவையில்லை. ரிக்‌ஷாவின் மடக்குக் கூரையை நினைத்துக்கொண்டால் போதும். இரண்டு அல்லது மூன்று வளைகள், பக்கத்திற்கொரு கீல், மேலே இழுத்துக் கட்டிய துணி. விரித்தால் கூரை, மடித்தால் ஒரு சுருட்டு. ஆனால் ரிக்‌ஷாவின் கூரைக்கு மேலே வானம் மட்டுமே உண்டு. படகிலோ பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைமரம் தலைக்கு மேலே இடமும் வலமும் வீசிக்கொண்டிருக்கும். கூரை அதன் வழியில் நிற்கக் கூடாது. எனவே உயர முடியாது. தாழ்ந்தால் அறைக்குள் இறங்குகிறவன் முதுகை ஒடிக்க வேண்டும். அகன்றால், பாய்க்கயிற்றைச் சுற்றும் உருளையின் கைப்பிடி துணியில் இடிக்கும். சுக்கான் பிடிப்பவன் கூரைக்கு மேலாகப் பார்க்க வேண்டும், அல்லது அதில் தைத்த கண்ணாடித்தாளின் ஊடாகப் பார்க்க வேண்டும். கூரையின் விளிம்பு சரியாகக் கண்மட்டத்தில் வந்து நின்றால் இரண்டும் கெட்டது. கண்ணாடித்தாளோ சில வருட வெயிலில் மஞ்சளாகி, உப்புப் பூத்து மங்கிவிடும். இவ்வளவுக்கும் மேல், காற்றை எதிர்த்து முன்னேற முயலும் சிறு படகில் இது இன்னொரு தடுப்பாகவும் நிற்கிறது. பெரிய படகுக்கு இவை சில்லறைத் தொல்லைகள். இருபத்தைந்தடிப் படகில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் பேரம் பேசியாக வேண்டும்.

அத்தகைய சிறு படகுகளுள் புகழ்பெற்றது ஃபோக்போட். ஸ்காண்டிநேவியப் படகோட்டிகளின் கூட்டமைப்பு நடத்திய வடிவமைப்புப் போட்டியின் விளைவாக, தூர்ட் சுண்டேன் வரைபடம் தீட்ட, 1942இல் ஸ்வீடனில் பிறந்த படகு. நீளம் 7.68 மீட்டர், அகலம் 2.20 மீட்டர். சாமானியரும் வாங்கக்கூடிய படகு என்பதே அதன் இலட்சியம். கடலைத் தாங்கும் உடல். ஆனால் தண்ணீருக்கு மேல் நிற்கும் விளிம்பு தாழ்வு. அலை முகத்தில் முன்மூக்கு மோதும்போதெல்லாம் வாளித் தண்ணீர் பின்னால் அமர்ந்தவன் மீது வந்து விழும். அன்றைய படகோட்டிகளுள் பலர் இதைக் குறையாகவே கருதவில்லை. நனைவது கடலோடியின் இலக்கணம், ஒதுங்குவது இழுக்கு.

அந்த இலக்கணத்தை மீறியவர், கோழை என்று எவரும் சொல்லத் துணியாத ஒருவர் என்பதுதான் இவ்வரலாற்றின் சுவையான இடம். ஹெர்பர்ட் ஹாஸ்லர், நண்பர்களுக்கு ‘பிளாண்டி’, பிரிட்டிஷ் கடற்படைக் காலாட்படையின் அதிகாரி. 1942 டிசம்பரில் ஜிரோந்து கழிமுகத்தின் வழியே போர்தோ துறைமுகத்துக்குள் ஊடுருவி, எதிரிக் கப்பல்களில் வெடிகளை ஒட்டிவிட்டு வந்த தாக்குதலுக்குத் தலைமை ஏற்றவர். சென்றவை அடிப்பலகையும் கித்தான் பக்கங்களும் கொண்ட மடக்குப் படகுகள், படகுக்கு இருவர். நீர்மூழ்கியிலிருந்து புறப்பட்டவர் பத்துப் பேர். இருவர் குளிர்ந்த கடலுக்குப் பலியாயினர். அறுவர் பிடிபட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டனர். உயிரோடு திரும்பியவர் ஹாஸ்லரும் பில் ஸ்பார்க்ஸும் மட்டுமே. 1955இல் இது திரைப்படமும் ஆயிற்று. ஈரமும் குளிரும் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதைப் படகுக் கழகத்தின் சாய்வு நாற்காலிகளில் அமர்ந்திருந்தவர்களைவிட அவர் நன்கறிந்திருந்தார். அவர் பின்னாளில் கட்டிய கூரைக்கு அந்த டிசம்பர்தான் காரணம் என்று நிறுவ முடியாது. அது எமது ஊகம் மட்டுமே.

1953இல் அவருக்காகக் கட்டப்பட்ட ‘ஜெஸ்டர்’ உடலளவில் ஃபோக்போட்தான். ஆனால் அதில் பின்தளக் குழியே இல்லை, மேல்தளத்தால் மூடப்பட்டுவிட்டது. நடுவில் தலையும் தோளும் நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துளை. அதன் மேலே அந்தக் குழந்தை வண்டிக் கூரை, வட்டமாகச் சுழலும்படி பொருத்தப்பட்டது. காற்று எத்திசையில் அடிக்கிறதோ அத்திசைக்குக் கூரையின் முதுகைத் திருப்பிவிட்டு, மறுபக்கம் உலர்ந்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கலாம். சாதாரணக் கூரை முன்னிருந்து வரும் தண்ணீரை மட்டுமே தடுக்கும்; பின்னிருந்து வரும் அலைக்கு அது வாய் திறந்து காத்திருக்கும். ஹாஸ்லரின் சுழலும் கூரை அந்தக் குறையைக் களைந்தது.

ஆனால் பாயைச் சுருக்க மேல்தளத்துக்கு ஓட வேண்டியிருந்தால் இந்தக் கூரையால் என்ன பயன்? எனவே சில ஆண்டு சோதனைகளுக்குப் பின் அவர் சீனத்து ஜங்க் பாயை எடுத்துக்கொண்டார். குறுக்குச் சட்டங்கள் கோத்த அந்தப் பாய், ஏற்றுகயிற்றைத் தளர்த்தினால் சன்னல் மறைப்புத் தட்டிபோல மடிப்பு மடிப்பாக இறங்கிவிடும். எல்லாக் கயிறுகளும் வட்டத் துளையின் அருகே வந்து முடிந்தன. சுக்கானைக் காற்றே திருப்பிக்கொள்ளும் கருவியையும் அவரே உருவாக்கினார். கூரைக்காகப் பாயும், பாய்க்காகக் கூரையும் மாறின. ஒரு துணித்துண்டு ஒரு படகின் இலக்கணத்தையே திருத்தி எழுதியது என்று சொன்னால் மிகையாகாது.

1960 ஜூன் 11 அன்று பிளிமத்திலிருந்து நியூயார்க் நோக்கி, படகுக்கு ஒருவராகப் போட்டி தொடங்கியது. யோசனை ஹாஸ்லருடையது, ஆதரவு ‘அப்சர்வர்’ இதழுடையது. கலந்துகொண்டவர் ஐவர். முப்பத்தொன்பதடி ‘ஜிப்சி மாத் III’இல் சென்ற பிரான்சிஸ் சிச்செஸ்டர் 40 நாளில் வென்றார். வடக்கே வெகுதொலைவு சுற்றிச் சென்ற ஹாஸ்லர் 48 நாளில் இரண்டாவதாக வந்தார். வெற்றி சிச்செஸ்டருக்குத்தான், அதில் ஐயமில்லை. எனினும் கடல் முழுதும் பாயோடும் கயிறோடும் மல்லுக்கட்டிய ஒருவரும், பெரும்பாலும் துளைக்குள் நின்றே கடலைக் கடந்த ஒருவரும் எட்டு நாள் வித்தியாசத்தில் கரைசேர்ந்தனர் என்பதை அன்றே சிலர் கவனித்தனர். 1964இல் அதே ஜெஸ்டர் 37 நாளில் கடந்தது. அவ்வாண்டு வென்ற எரிக் தபர்லியின் படகிலும் ஓர் ஒதுங்குமிடம் இருந்தது: பழைய கடல்விமானமொன்றின் கண்ணாடிக் குமிழ்! அதைக் கடற்படை விமானியின் குறும்பு என்றே கொள்ளலாம்.

பின்னர் ஜெஸ்டரை மைக்கேல் ரிச்சி வாங்கினார். கடல்வழி காணும் கலைக்கான பிரிட்டிஷ் நிறுவனத்தின் இயக்குநர். போட்டியில் வெல்லும் அவசரம் சிறிதுமற்றவர். 1960 முதல் 1988 வரை நடந்த எட்டுப் போட்டிகளிலும் ஜெஸ்டர் புறப்பட்டது. எட்டாவதில் வட அட்லாண்டிக்கின் சீற்றத்தில் அது கைவிடப்பட நேர்ந்தது. எழுபதைக் கடந்த ரிச்சியைச் சரக்குக் கப்பலொன்று மீட்டது. கூரை தெறிக்கும் நீரைத் தடுக்கும். படகையே புரட்டும் அலையை அதனால் என்ன செய்ய இயலும்? ஹாஸ்லர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

நண்பர்கள் கூடி அதே அளவில் மறுபடி ஒன்றைக் கட்டினர். 1992இல் ரிச்சி அதில் மீண்டும் அட்லாண்டிக்கில் இறங்கினார். புதிய ஜெஸ்டரிலும் அதே ஜங்க் பாய், அதே வட்டத் துளை, அதன் மேல் காற்றுக்கு முதுகு காட்டும் அதே குழந்தை வண்டிக் கூரை.