சமூகப் பொலிஸ் முறை: பழுகாமமும் படுவான்கரையும்

ஊரவரும் பொலிஸாரும் ஒரே மேசையில் இருந்து ஊரின் பாதுகாப்புத் தேவைகளைக் கதைத்து முடிவெடுக்கும் ஏற்பாடு சமூகப் பொலிஸ் முறை எனப்படும். இலங்கையில் இதற்கான செலவின் ஒரு பகுதியைத் தொண்டு நிறுவனங்கள் ஏற்று வந்துள்ளன. அவற்றுள் நீண்ட காலம் ஈடுபட்டது ஆசியா மன்றம் (ஆசியா பவுண்டேசன்). மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை ஊரான பழுகாமத்தை நடுவில் வைத்து அந்த முறையையும் அதன் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இடம்

பழுகாமம் போரதீவுப்பற்றுப் பிரதேச செயலாளர் பிரிவைச் சேர்ந்த பழைய தமிழ் ஊர். திருப்பழுகாமம் என்றும் எழுதுவர். திரௌபதை அம்மன் கோயிலும் அதன் தீமிதிப்பும் ஊரின் பெயரை மாவட்டம் முழுக்கக் கொண்டுபோயிருக்கின்றன. வாவிக்குக் கிழக்கே, கடலோரமாகக் கல்முனை வீதி ஓடும் பக்கம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரியும் பக்கம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை என்பதே பொருள். ஆனால் நிர்வாகமும் நெடுங்காலம் எழுவான்கரையில்தான் எழுந்தது: பெரிய ஆஸ்பத்திரிக்கோ நீதிமன்றத்துக்கோ போவதென்றால் பழுகாமத்தார் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிக் களுவாஞ்சிகுடிக்குப் போக வேண்டும். சற்றுத் தெற்கே மண்டூரார் குருமண்வெளிக்குப் 'பாதை'யில் வருவர். இங்கே பாதை என்றால் வழி அல்ல; ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை.

பொலிஸுக்கு முந்திய ஒழுங்கு

இலங்கைப் பொலிஸ் 1866இல் இன்றைய வடிவத்தில் தொடங்கியது. ஆனாலும் படுவான்கரை ஊர்களில் சட்டம் என்பது வெகுகாலம் காக்கிச்சட்டை போட்டு வரவில்லை. பொலிஸ் விதானை என்று ஊரார் அழைத்த தலைமைக்காரர் சண்டையை விலக்குவார், திருட்டை விசாரிப்பார், தேவைப்பட்டால் மேலிடத்துக்கு அறிவிப்பார். தலைமைக்காரர் முறை 1963இல் ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் வந்தார். இன்று அவர் கிராம உத்தியோகத்தர். நற்சான்றிதழ் கேட்டு அவருடைய கந்தோர் வாசலில் நிற்பவர்கள், அந்தப் பழைய அதிகாரத்தின் மிச்சத்தைத்தான் கேட்டு நிற்கிறார்கள்.

கோயில் வழக்குகளில் குடிகளின் (தாய்வழிக் குலங்களின்) வண்ணக்கர்மார், அதாவது கோயில் பொறுப்பாளர்கள், சொல்லுக்கு மதிப்பு. வயலில் மாடு இறங்கினாலும் வாய்க்கால் தண்ணீரில் தகராறு வந்தாலும் வட்டை விதானையே பஞ்சாயத்துக்காரர். விவசாயிகள் தெரிந்தெடுத்து, விளைச்சலில் நெல் கொடுத்து வைத்துக்கொள்ளும் ஆள் அவர். ஊரே சம்பளம் கொடுத்து, ஊருக்கே பதில் சொல்லும் பாதுகாப்பு ஏற்பாடு என்ற வகையில் இதைச் சமூகப் பொலிஸின் மூத்த உறவு எனலாம். திட்ட அறிக்கைகள் எழுதுவோர் கண்ணில் இது ஏனோ படுவதேயில்லை.

போர்க்காலமும் தலையாட்டியும்

1990 ஜூன் 11 அன்று விடுதலைப் புலிகள் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைச் சூழ்ந்தனர். சரணடைந்த பொலிஸார் பல நூறு பேர் கொல்லப்பட்டனர். களுவாஞ்சிகுடி நிலையமும் சூழப்பட்டவற்றுள் ஒன்று. அடுத்த ஆண்டு, 1991 ஜூன் 12இல், படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைப் பக்கம் மகிழடித்தீவில் இராணுவத்தினர் பொதுமக்களைக் கொன்றனர். அரசு அமைத்த விசாரணை ஆணைக்குழு பதிந்த எண்ணிக்கை 67. ஊரார் சொல்லும் தொகை அதனிலும் அதிகம். பின்னர் படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அவர்களுடைய காவல்துறையும் நீதிமன்றமும் இங்கே நடந்தன. 2007 மார்ச்சில் அரசுப் படை கொக்கட்டிச்சோலையைக் கைப்பற்றியது. அதன் பிறகே இப்பக்க ஊர்களில் அரசின் பொலிஸ் மீண்டும் அன்றாடக் காட்சியானது.

இந்தக் காலம் விட்டுப்போன ஒரு சொல் 'தலையாட்டி'. சுற்றிவளைப்பின்போது படையினர் ஊராரை வரிசையில் நிறுத்தி, முகத்தை மூடிய ஒருவருக்கு முன்னால் நடத்துவார்கள். அவர் தலையை ஆட்டினால் அந்த ஆள் தனியே கொண்டுபோகப்படுவார். சாக்குத் துணியில் இரண்டு கண் ஓட்டை, அவ்வளவுதான் அந்த வேடம். பொலிஸாருக்கு அருகில் அமர்ந்து ஊர்ச் செய்தி சொல்லும் எவரையும் இந்தச் சொல்லோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்கு மேல் நீடித்தது. பொலிஸாரோடு கூடும் பாதுகாப்புக் குழுவின் கதிரை ஒன்றில் வந்து அமர ஊரவர் ஏன் யோசிக்கிறார் என்பதற்கு வேறு ஆய்வு தேவையில்லை.

பணம்

ஆசியா மன்றம் 1954இல் அமெரிக்காவில் அமைந்த தொண்டு நிறுவனம்; தலைமையகம் சான் பிரான்சிஸ்கோ. தொடக்க காலத்தில் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யின் பணம் அதற்கு மறைவாக வந்தது 1967இல் அம்பலமானது. அந்த உறவு அத்தோடு அறுந்தது. தலையாட்டியை மறக்காத ஊர்களில் பொலிஸ் திட்டத்துக்குப் பணம் தரும் நிறுவனத்தின் வரலாற்றில் இப்படி ஒரு பக்கம் இருப்பது, அரை நூற்றாண்டு பழையதானாலும், சொல்லாமல் விடத்தக்கதல்ல.

இலங்கையில் மன்றத்தின் பெயர் முதலில் பரவியது மத்தியஸ்த சபைகளால். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இச்சபைகளில் ஊரின் மதிப்புக்குரியவர்கள் ஊதியமின்றி இருந்து, வேலிச் சண்டை, கைமாற்றுக் கடன் போன்றவற்றைப் பேசித் தீர்க்கிறார்கள். மன்றம் இவர்களின் பயிற்சிக்கு உதவியது. போர் முடியும் காலத்தை ஒட்டி அது இலங்கைப் பொலிஸுடன் சேர்ந்து சமூகப் பொலிஸ் திட்டத்தை நுவரெலியாவில் முன்னோடியாகத் தொடங்கியது; பிரித்தானிய அரசின் நிதி அதற்குத் துணை. தோட்டத் தமிழர் செறிந்த மாவட்டம் அது. பயிற்சி, நடந்தும் சைக்கிளிலும் ரோந்து, நடமாடும் பொலிஸ் சேவை, வீடுவீடாகப் போய்ப் பழகுதல், மாதாந்தக் குழுக் கூட்டம் ஆகியவை திட்டத்தின் கூறுகள். பின்னர் இம்முறை வேறு மாவட்டங்களுக்கும் சென்றது.

வெளிநாட்டு உதவி பொலிஸுக்குப் போவது விவாதத்துக்கு அப்பாற்பட்டதல்ல. ஸ்காட்லாந்துப் பொலிஸ் இலங்கையில் பல ஆண்டுகள் நடத்திய பயிற்சியை, மனித உரிமைக் கண்டனங்களுக்கிடையே, தொடர்வதில்லை என்று 2021இல் அறிவித்தது.

குழு

போர்க்காலத்தில் ஊர்தோறும் பொலிஸார் அமைத்தவை சிவில் பாதுகாப்புக் குழுக்கள். அண்மை ஆண்டுகளில் சமூக பொலிஸ் குழு என்ற பெயர் அவற்றின் இடத்தைப் பிடித்து வருகிறது. கிராம உத்தியோகத்தர், கோயில் நிர்வாகத்தார், அதிபர், மாதர் சங்கத் தலைவி, விளையாட்டுக் கழகப் பையன் ஒருவன் என்று ஆட்கள் சேர்வது வழக்கம். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி, ஊர் வழக்கில் ஓ.ஐ.சி., வந்தால் கூட்டம் பெரிது. அவர் ஆள் அனுப்பினால் கூட்டம் அரை மணியில் முடியும்.

போரதீவுப்பற்று ஊர்களில் பேச்சுக்கு வரும் விடயங்கள் குற்றப் பட்டியலில் அடங்குவதில்லை. கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் முதலில் வரும். காய்ச்சுபவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும், பெயரை மட்டும் எவரும் வாய்திறந்து சொல்லமாட்டார். அடுத்தது யானை. வேளாண்மை வெட்டும் காலத்தில் இரவில் ஊருக்குள் இறங்கி, நெல் மணத்துக்குச் சுவரை உடைக்கும். பிறகு நுண்கடன் வசூலுக்கு வருவோர், இருட்டு வீதி, வாவியில் மூழ்கிப்போகும் பிள்ளைகள். வீதி விளக்கு பிரதேச சபையின் வேலை. மின்வேலியும் யானை வெடியும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் வேலை. கசிப்பு பொலிஸுக்கும் மதுவரித் திணைக்களத்துக்கும் பொது. ஊராருக்கோ எல்லாம் ஒரே பயம்தான். இத்தனை திணைக்களங்களின் ஆட்களையும் ஒரு மண்டபத்தில் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க உட்காரவைப்பதே குழுவின் உண்மையான பயன். தொண்டு நிறுவனம் வாங்கித் தரும் சைக்கிளைவிட அது பெரிது என்றே தோன்றுகிறது.

வீட்டு வன்முறை குழுக் கூட்டத்தில் வாய்திறந்து பேசப்படுவது அரிது. ஆண்கள் நிறைந்த மண்டபத்தில் எந்தப் பெண் சொல்லுவாள்? அதற்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமும் நிலையங்களிலுள்ள சிறுவர், மகளிர் பணியகங்களும் உண்டு. மட்டக்களப்பில் 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்றவை அத்தகைய பெண்களுக்குத் துணைநிற்கின்றன.

பிற நாடுகளில்

நியூயோர்க்கில் பொலிஸ் அத்லெட்டிக் லீக் 1914 முதல் தெருப் பிள்ளைகளுக்கு விளையாட்டிடம் அமைத்து வருகிறது. மும்பாயில் 1992–93 கலவரத்தின் பின், முன்னாள் பொலிஸ் அதிகாரி ஜூலியோ ரிபெய்ரோவும் அப்போதைய ஆணையர் சதீஷ் சாஹ்னியும் முன்நின்று மொஹல்லா கமிட்டி இயக்கத்தைத் தொடங்கினர். இந்துக்களையும் முஸ்லிம்களையும் பொலிஸாரையும் ஒரே மைதானத்தில் இறக்கிய அதன் கிரிக்கெட் போட்டிகள் பெயர்பெற்றவை.

தமிழ்நாட்டு அனுபவம் வேறு. 1993இல் இராமநாதபுரத்தில் காவல் கண்காணிப்பாளர் பிரதீப் வி. பிலிப் தொடங்கிய போலீஸ் நண்பர்கள் குழு மாநிலம் முழுக்கப் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது இக்குழுவினர் சிலர்மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. குழு அதை மறுத்தது. அடுத்த மாதமே அரசு அதற்குத் தடை விதித்தது.

மொழி

இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தத்தால் வடக்கு, கிழக்கில் அது நிர்வாக மொழியுமானது. ஆயினும் தமிழ்ப் பகுதிகளில் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, வாசிக்கத் தெரியாத பக்கத்தின் அடியில் கையொப்பம் வாங்கும் வழக்கம் நெடுநாள் குறையாகவே இருந்து வருகிறது. தமிழ் எழுதத் தெரிந்த ஓர் அலுவலரை நிரந்தரமாக வைப்பது அரசின் செலவு. தொண்டுப் பணத்தால் ஆறு மாத மொழி வகுப்பு நடத்தலாம், ஆளை நியமிக்க முடியாது.

நடமாடும் பொலிஸ் சேவையில் இது கண்ணெதிரே தெரியும். பாடசாலை மண்டபத்தில் நான்கைந்து மேசை போட்டிருக்கும். அதிகம் நீளும் வரிசை அடையாள அட்டை தொலைத்தவர்களுடையது. புதியது எடுக்கப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும் அல்லவா. தமிழ் எழுதும் அலுவலர் இருக்கும் மேசையில் அந்த வரிசை நின்று நின்று நகரும். அட்டையைப் பற்றிச் சொல்லவந்தவர், எழுதி முடித்ததும் எழும்பாமல், வேலிக் கதையையும் மகனின் குடியையும் சொல்லத் தொடங்கியிருப்பார். பக்கத்து மேசை வேகமாக முடியும்.