அலுவலக மென்பொருளில் தமிழ் இடைமுகம்: பெங்களூரு முயற்சியை முன்வைத்து ஒரு நோக்கு

கணித்தமிழின் வரலாறு பெரும்பாலும் எழுத்துருக்களின் வரலாறாகவும் விசைப்பலகைகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கூட்டிய தமிழ் இணைய மாநாடு, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99', அதன் பயனாக உருவான தமிழ் 99 விசைப்பலகை, டாம், டாப் குறியேற்றங்கள், அவற்றுக்கு எதிர்நின்ற தகுதரம் (டிஸ்கி), இறுதியில் வென்ற ஒருங்குறி என்னும் வரிசை ஆய்வாளர்கள் பலரும் அறிந்ததே. இவ்வரிசையில் எளிதில் இடம் பெறாத ஒன்று உண்டு. தமிழில் உரை எழுதுவது வேறு. உரை எழுதும் கருவியைத் தமிழில் ஏவுவது வேறு. முன்னதில் தமிழ், கருவி கையாளும் பொருள். பின்னதில் தமிழ், கருவியைக் கையாளும் மொழி. அலுவலக மென்பொருளின் காட்சி மொழியை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றும் வசதி எப்போது, எவரால், எத்தகைய மொழிச் சிக்கல்களுக்கு இடையே உருவாயிற்று என்பதையும், அது ஏன் பரவலாகக் கைக்கொள்ளப்படவில்லை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

களமும் காலமும்

இவ்வரலாற்றின் முதன்மையான களங்களுள் ஒன்று தமிழ்நாட்டுக்கு வெளியே அமைந்தது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல்லுக்குக் கிளை பிரியும் இடத்தில் உள்ளது சந்தாபுரா. கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றும் தெருவில் கலந்து ஒலிக்கும் எல்லைப்புற ஊர் அது. அங்கிருந்து பெங்களூரு நோக்கிச் சில கிலோமீட்டர் தொலைவில், 1970களின் பிற்பகுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய மின்னணு நகரம் உள்ளது. தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தின் பெங்களூருக் கிளை அந்நகரத்தில்தான் இயங்கியது. இம்மையம் 2002ஆம் ஆண்டின் இறுதியில் சி-டாக் எனப்படும் உயர்கணினி வளர்ச்சி மையத்துடன் இணைக்கப்பட்டது. இந்திய மொழிகளுக்கான 'பாரதீய ஓப்பன் ஆபீஸ்' திட்டம் இங்கு உருப்பெற்றது. தமிழ் அலுவலகத் தொகுப்பு ஒன்று கன்னட நாட்டின் தொழிற்பேட்டையில் ஆக்கப்பட்டது தற்செயல் எனத் தோன்றலாம். ஆயினும் ஓசூர்ச் சாலையின் மொழிச்சூழலை அறிந்தவர்க்கு அது வியப்பளிக்காது.

இத்திட்டம் பயன்படுத்திக்கொண்ட மூலப்பொருளின் பிறப்பிடம் செருமனி. ஸ்டார் டிவிஷன் என்னும் நிறுவனம் 1980களில் தொடங்கி வளர்த்த 'ஸ்டார் ஆபீஸ்' தொகுப்பை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2000இல் அதன் மூலநிரலை எவரும் பயன்படுத்தத் திறந்து விட்டது. ஓப்பன் ஆபீஸின் முதற்பதிப்பு 2002 மே மாதம் வெளிவந்தது. நிரலின் உட்குறிப்புகள் பல செருமன் மொழியிலேயே நெடுங்காலம் இருந்தன. ஆங்கிலமே இத்தொகுப்புக்குப் பெயர்த்துக் கொணர்ந்த மொழி என்பது தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஒருங்குறிக்கு முன் இடைமுகத் தமிழாக்கம் ஏன் எளிதாக இல்லை என்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. ஆவணத்தின் உள்ளே எழுத்துருவை மாற்றிக்கொள்ள இயலும். பட்டியல்களையும் உரையாடல் பெட்டிகளையும் வரைவதோ இயக்க முறைமையின் பணி. அதற்குத் தமிழ் என ஒன்று இருப்பதே தெரியாது. 1991இல் ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்த பின்னும், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு போன்ற குறிகளை மெய்க்குப் பின் சேமித்து முன் காட்டும் திறன் கணினிகளுக்கு வந்து சேரப் பல்லாண்டுகள் ஆயின. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவுடன் இத்திறனைக் கொண்டு வந்தது. லினக்ஸ் உலகில் கே.டீ.ஈ. மேசைத்தளத்தைத் தமிழாக்கிய தன்னார்வலர்கள் முதலில் தகுதரக் குறியேற்றத்தையே நம்பினர். பின்னரே ஒருங்குறிக்கு மாறினர்.

2000களின் முற்பகுதியில் பல முயற்சிகள் ஏறத்தாழ ஒரே வேளையில் நிகழ்ந்தன. தமிழா! குழுவினர் ஓப்பன் ஆபீஸையும் மொசில்லா உலாவியையும் தமிழாக்கினர். சென்னையில் 'ழ கணினி' திட்டத்தார் லினக்ஸ் மேசைத்தளத்தைத் தமிழில் தர முற்பட்டனர். பெங்களூருவில் அரசு நிறுவனத்தின் முயற்சி நடந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் ஆபீஸ் 2003 தொகுப்புக்குத் தமிழ் இடைமுகப் பொதி ஒன்றை வெளியிட்டது. ஆங்கிலப் பதிப்பின் மேல் போர்த்தப்படும் மேலாடை போன்றது அது. அடிக்கடி கண்ணிற்படும் பகுதிகள் தமிழாகும், எஞ்சியவை ஆங்கிலத்திலேயே நிற்கும். இவர்கள் அனைவரும் மொழிபெயர்த்தவை பெரும்பாலும் ஒரே சொற்கள். ஆயினும் ஒருவர் சொல்லாக்கம் மற்றவர்க்கு முறையாகச் சென்று சேரவில்லை.

2005 ஏப்ரல் 15 அன்று நடுவண் தகவல் தொழில்நுட்பத் துறை தமிழ் மென்பொருள் கருவிகள் அடங்கிய குறுந்தகட்டைச் சென்னையில் வெளியிட்டது. அமைச்சர் தயாநிதி மாறன் முன்னிலையில் சோனியா காந்தி வெளியிட்ட அத்தகட்டில் எழுத்துருக்கள், விசைப்பலகை இயக்கிகள், பிழைதிருத்தி, உலாவி ஆகியவற்றுடன் பாரதீய ஓப்பன் ஆபீஸின் தமிழ்ப் பதிப்பும் இருந்தது. அதே ஆண்டு சூனில் இந்தித் தகடு வெளிவந்தது. இவ்வரிசையில் தமிழ் முந்தியது என்பது பதிவு செய்யத்தக்கது.

ஏவலும் வியங்கோளும்

இடைமுக மொழிபெயர்ப்பின் இலக்கணம் இதுவரை போதிய கவனம் பெறவில்லை. உண்மையில் தமிழாசிரியர் ஒருவர் கணினி அறிஞர்க்கு உதவக்கூடிய இடம் இதுவே.

ஆங்கிலப் பட்டியற்சொல் பெயரா வினையா என்பது வடிவத்தால் தெரிவதில்லை. அச்சிடுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தொழிற்பெயராகவும் ஏவலாகவும் நிற்கும். தமிழில் 'அச்சிடு', 'அச்சிடுக', 'அச்சிடல்', 'அச்சு' என நான்கும் வேறு வேறு. இவற்றுள் எதைக் கொள்வது? 'செய்' என்னும் வாய்பாட்டு ஏவலைப் பகாப்பதமாகக் கொள்ளும் நன்னூல். அவ்வடிவம் குறுகியது, பட்டியலின் சிறிய இடத்திற்கு ஏற்றது. 'வெட்டு', 'ஒட்டு', 'சேமி', 'தேடு' என்பன அவ்வழி வந்தவை. பயனர் கருவியை ஏவுவதாகக் கொண்டால் ஒருமை ஏவலில் மரியாதைக் குறைவு இல்லை, ஏவப்படுவது அஃறிணை.

கருவி பயனரை நோக்கிப் பேசும் இடத்தில் நிலை தலைகீழாகிறது. 'பெயரைத் தட்டச்சு செய்' எனக் கணினி பயனருக்குக் கட்டளையிடுவதைத் தமிழ்ச்செவி ஏற்காது. எனவே 'செய்க' என்றோ 'செய்யவும்' என்றோ எழுத நேர்ந்தது. வியங்கோள் தன்மை, முன்னிலை ஆகிய ஈரிடத்தும் நிலைபெறாது என்பது தொல்காப்பியம். இடமும் பாலும் எங்கும் அது இயலும் என்பது நன்னூல். திரையில் தோன்றும் 'செய்க' நன்னூலாரின் வழக்கைச் சார்ந்தது. 'செய்யவும்' என்பதோ அரசு அலுவலக அறிவிப்புப் பலகைகளில் வேரூன்றிய வடிவம். முன்னதை இலக்கியப் பயிற்சி உடையோரும் பின்னதை அலுவலக வழக்கில் பழகியோரும் விரும்பினர். ஒரே மென்பொருளின் ஒரே பெட்டியில் இரண்டும் அடுத்தடுத்து வருவது, பலர் கைபட்ட மொழிபெயர்ப்பின் அடையாளம்.

வேற்றுமை உருபு இன்னும் கடினமானது. 'இக்கோப்பில் செய்த மாற்றங்களைச் சேமிக்கவா?' என்னும் வினாவில் கோப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில் நிரல் ஒரு வெற்றிடக் குறியை மட்டும் வைத்திருக்கும். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் தனித்து நிற்பதால் எப்பெயரும் அங்குப் பொருந்தும். தமிழில் உருபு பெயரோடு ஒட்டும். 'மரம்' என்பது 'மரத்தில்' எனச் சாரியை பெறும், 'வீடு' என்பது 'வீட்டில்' என இரட்டிக்கும். எப்பெயர் வரும் என அறியாத மொழிபெயர்ப்பாளர் எவ்வாறு புணர்ப்பார்? 'என்னும் கோப்பில்' என ஒரு பெயரெச்சத்தை இடையிட்டு உருபைப் பொதுப்பெயர்க்கு மாற்றுவதே இதற்குச் சிறந்த தீர்வு. வரி சற்று நீளும், புணர்ச்சி பிழைக்காது.

திணைச் சிக்கலும் உண்டு. 'ஒன்றுமில்லை', 'எவருமிலர்' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். அச்சொல் நிரலில் ஒருமுறை எழுதப்பட்டுப் பல இடங்களில் எடுத்தாளப்படும். ஆசிரியர் பெயர் இல்லாத ஆவணத்திலும் கரை இல்லாத அட்டவணையிலும் ஒரே தமிழ்ச்சொல் தோன்றும்போது ஓரிடத்தில் திணைவழு உறுதி. மொழிபெயர்ப்பாளர்க்குத் தரப்படுவது சூழலற்ற சொற்களின் நெடும்பட்டியல். சொல் எங்கே தோன்றும் என்பதை ஊகிக்கவே வேண்டியிருந்தது. இவ்வகைப் பிழைகளை மொழியறியாமை எனப் பழிப்பது முறையன்று.

சொல்வளத்தைப் பொறுத்தவரை நிலைமை கருதியதைவிட நன்றாகவே இருந்தது. 'கோப்பு' என்னும் சொல் கணினிக்காக ஆக்கப்பட்டதன்று. 1956ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தை ஒட்டி வளர்ந்த அலுவலகத் தமிழில் அது முன்பே வேரூன்றியிருந்தது. 'எழுத்துரு', 'கடவுச்சொல்', 'மென்பொருள்', 'உலாவி' ஆகியன விரைவில் நிலைபெற்றன. பயனர் எதையும் தேர்ந்தெடுக்காதபோது மென்பொருள் தானே கொள்ளும் அமைப்பைக் குறிக்க 'இயல்பிருப்பு', 'முன்னிருப்பு' எனச் சொற்கள் போட்டியிட்டன. தமிழகத்தின் 'பதிவிறக்கம்' ஈழத்தில் 'தரவிறக்கம்' ஆயிற்று. மென்பொருள் பட்டியலில் தமிழுக்கு ஒரே இடம் இருந்ததால் எந்த வழக்கு அதில் அமர்வது என்னும் வினா எழுந்தது இயல்பே. இதனைப் பெருங்குறையாகக் கருத வேண்டியதில்லை.

மாற்றும் வசதியும் மாறாத பழக்கமும்

ஓப்பன் ஆபீஸில் மொழி என்பது ஓர் அமைப்பன்று. கருவிகள் பட்டியலின் விருப்பங்கள் பகுதியில் இடைமுகத்தின் மொழி தனி. எண், நாள், நாணயம் ஆகியவற்றுக்கான வட்டார அமைப்புத் தனி. ஆவணத்தின் மொழி தனி. ஆவண மொழியும் மூவகை: மேலை மொழிகள், ஆசிய மொழிகள், சிக்கலான உரைக்கோப்பு உடைய மொழிகள். தமிழ் மூன்றாம் வகையில் அடங்கும். 'ஆசிய' என்பது அங்குச் சீனம், சப்பானியம், கொரியம் ஆகியவற்றையே குறித்தது. அலுவலக மென்பொருளின் நிலப்படத்தில் தமிழகம் ஆசியாவில் இல்லை! இவ்வேறுபாடு அறியாத ஒருவர் ஆவண மொழியைத் தமிழாக்கிவிட்டுப் பட்டியல்கள் மாறவில்லையே என மயங்கவும், இடைமுகத்தைத் தமிழாக்கிவிட்டுப் பிழைதிருத்தி இயங்கவில்லையே எனக் குறைகூறவும் இடம் இருந்தது.

தமிழ் இடைமுகம் பரவாமைக்குக் கடினமான கலைச்சொற்களே காரணம் என்பது பரவலான கருத்து. இது முழுமையாக ஏற்கத்தக்கதன்று. 'வெட்டு', 'ஒட்டு', 'தேடு' என்பவற்றில் கடினம் ஏதுமில்லை. உதவிப் பகுதியின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் நின்றமை ஒரு காரணம். பட்டியலில் தமிழைக் கண்ட பயனர் ஐயம் தீர்க்கச் சென்றால் அங்கே ஆங்கிலச் சொற்களே வழிகாட்டின. அதனினும் வலிய காரணம் கல்வியில் இருந்தது. குறுந்தகடு வெளிவந்த காலத்தில் தமிழ்நாட்டின் மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணிப்பொறியியல் பாடத்தில் ஸ்டார் ஆபீஸ் இடம் பெற்றிருந்தது. ஓப்பன் ஆபீஸுக்கும் அதற்கும் மூலம் ஒன்றே. தமிழ்வழி மாணவர்க்கான நூலில் விளக்கம் தமிழில் அமைந்தது. கட்டளைகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் நின்றன. தமிழ்வழியில் பயின்ற மாணவரும் 'கோப்பு' எனப் படித்துவிட்டு ஆங்கிலச் சொல்லைத் தேடிச் சொடுக்கப் பழக்கப்பட்டார். தேர்விலும் அதையே எழுதினார். பழகிய கை பின்னர்த் தமிழ்ப் பட்டியலைக் கண்டால் தடுமாறாமல் என் செய்யும்? ஒரே ஆண்டில் ஓர் அரசு தமிழ் இடைமுகத்தை வழங்கியது. மற்றோர் அரசின் பாடநூல் ஆங்கில இடைமுகத்தைக் கற்பித்தது. இரண்டையும் இணைக்கும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

பெங்களூரு முயற்சியின் பிற்கால வரலாறு சுருக்கமானது. 2010 சனவரியில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் தன்னார்வலர்கள் பிரிந்து 'லிப்ரே ஆபீஸ்' என்னும் கிளையைத் தொடங்கினர். 2011இல் ஓப்பன் ஆபீஸ் அப்பாச்சி அமைப்புக்கு வழங்கப்பட்டது. தனிப்பெயருடன் வழங்கிய இந்தியப் பதிப்புக்கு இச்சூழலில் தேவை குறைந்தது. தமிழ் மூலத்தொகுப்பிலேயே ஒரு மொழியாக அமைந்தது. லிப்ரே ஆபீஸை நிறுவும்போது தமிழைத் தேர்ந்தால் இடைமுகம் இன்று தமிழில் கிடைக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆபீஸும் தமிழ்ப் பொதியை இலவசமாக வழங்குகிறது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. அத்தரப்பாடு எழுத்தைப் பற்றியது. இடைமுக மொழியைப் பற்றியதன்று.

தமிழ்நாட்டில் 2018இல் புதிய பாடத்திட்டத்தின்படி வெளிவந்த மேல்நிலை முதலாம் ஆண்டுக் கணினி நூல்களில் ஓப்பன் ஆபீஸ் ரைட்டர் மீண்டும் இடம்பெற்றது. தமிழ் இடைமுகம் உருவாகிப் பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. மாணவர் கற்கவேண்டிய கட்டளைகள் அந்நூல்களிலும் ஆங்கிலப் பெயர்களிலேயே தரப்பட்டன.