செண்டி

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பூச்சந்தையில் மல்லிகை, முல்லை, கனகாம்பரத்தோடு செண்டியும் எடைக்கு வருகிறது. ‘செண்டு’ என்றால் பந்து. பூக்களைச் சேர்த்துக் கட்டிய கொத்தும் செண்டுதான். நூற்றுக்கணக்கான சிறுபூக்கள் நெருங்கிப் பந்தாய்த் திரண்ட மலருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

சொல் பழந்தமிழ், பூ மெக்சிகோவின் காட்டுப்பூ.

அங்கே நாவாட்டில் மொழியில் அதன் பெயருக்கு ‘இருபது பூ’ என்று பொருள். ஒரே காம்பில் பல பூ இருப்பதை அவர்களும் கண்டிருக்கிறார்கள். ஆங்கிலேயரோ அதை ஆப்பிரிக்கப் பூ என்றனர், அது பிழை. தமிழில் ‘துலுக்கச் சாமந்தி’ என்றும் பெயருண்டு. துருக்கர் என்பதன் திரிபே துலுக்கர். சாமந்தியைப் போன்ற அயல்நாட்டுப் பூ என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

செண்டுக்கு இன்னொரு பொருளும் உண்டு: அய்யனார் கையில் ஏந்தும் வளைந்த கோல். கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில், 30 அடிக்கும் மேல் உயர்ந்த குதிரைச் சிலையோடு பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் இருக்கிறது. மாசி மகத்தன்று அந்தக் குதிரைக்குச் சாத்துவது செண்டிமாலை அல்ல, காகிதப்பூ மாலை.